முள்ளைத் தள்ளி வைத்த ஐப்பசி

எங்கள் கம்பெனியில் வெளிச்சம் என்றால் சூரியன் மட்டும்தான். மின்சாரம் ஆபீஸ் அறையோடு நின்றுவிடும். பட்டாசு செய்யும் ரூம்களில் விளக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலைக்குப் போன முதல் நாள் கேட்டில் நிறுத்தி, கொண்டை ஊசியையும் கொலுசையும் கழற்றச் சொன்னார்கள். அண்ணன்தான் என்னைக் கூட்டிப் போயிருந்தான்.

அண்ணனுக்கும் எனக்கும் பிறந்த ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். அப்பா அடுத்தவர் புஞ்சையில் பாடுபட்டவர். அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்ததும் அண்ணன் சிவகாசிக்குப் பிழைக்க வந்தான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை கிடைத்தது. பிறகு நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தான். என் வீட்டுக்காரருக்கு டவுனில் காலண்டர் அடிக்கும் அச்சாபீஸில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் நானும் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியிலேயே சரம் பின்னப் போனேன். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது.

அந்த வருஷம் புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் மூன்று மணிக்கே மேற்கே கருமேகம் ஏறி, ரூம்களுக்குள் கை தெரியாமல் போய்விடும். போர்மேன் வந்து, "போதும், எந்திரிங்க" என்பார். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. சாயங்காலத்தில் போகிற வெளிச்சத்தைக் காலையில் பிடித்துவிடலாம் என்று மேனேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது.

அதற்கு அவர் செய்த காரியம் வேடிக்கையானது. ஆறரைக்கு அடிக்கிற மணியை ஐந்தரைக்கு அடிப்போம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண்கள் சண்டைக்குப் போயிருப்பார்கள். ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் பார்க்க ஸ்டூலில் ஏறி, அதன் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்.

"மணி அடிக்கிறது அதே ஆறரைக்குத்தான். அதுல மாத்தம் கெடையாது" என்றார். "யுத்தத்தப்ப சர்க்காரே ஒரு மணி தள்ளி வச்சாக. நாம வச்சா என்ன கொறஞ்சுரும்?"

எங்களில் பாதிப் பேருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு நேரம் உண்டாயிற்று. கம்பெனி மணி ஒன்று, ஊர் மணி ஒன்று.

மேனேஜர் கணக்குப் போட்டபடி வானம் நடக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் மேகம் சாயங்காலத்தோடு கலையாமல் விடிகிற வரைக்கும் அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. மணி அடித்து நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் முகம் தெரியாது. வெடியையும் திரியையும் விரலால் தடவித் தடவிப் பின்னுவோம். அப்படி ஓர் இருண்ட ஐப்பசியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வீட்டில் எங்களிடம் ஒரே ஒரு டைம்பீஸ் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அச்சாபீஸ் ஊர் மணிக்கு எட்டு. எனக்குக் கம்பெனி மணி. அதனால் படுக்கப் போகும்போது நான் முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளி அலாரம் வைப்பேன். காலையில் நான் போன பிறகு அவர் பின்னால் இழுத்துவிடுவார். அந்த டைம்பீஸும் எங்களோடு சேர்ந்து தினம் அல்லாடியது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று எனக்கு லேசாகக் காய்ச்சல். அவர் வருவதற்கு முன்பே முள்ளைத் தள்ளி வைத்துவிட்டுச் சுருண்டு படுத்துவிட்டேன். அவருக்கும் காலண்டர் சீசன், ஓவர்டைம் முடிந்து வந்தார். நான் காய்ச்சலில் மறந்து தூங்கிவிட்டேன் என்று நினைத்து, பாவம், அவரும் ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார். இது அடுத்த நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அலாரம் அடித்தபோது உடம்பு எழுந்திருக்க மறுத்தது. காய்ச்சல் அசதி என்று நினைத்துக்கொண்டேன். பழைய சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் வெளியே மையிருட்டு. மழை விட்டிருந்தது. அந்தச் சீசனில் விடியாமல் கிளம்புவது வழக்கம்தான் என்றாலும், அன்று இருட்டு வேறு மாதிரி கனத்துக் கிடந்தது. ஒரு சேவல் சத்தம்கூட இல்லை.

எங்கள் ஊரிலிருந்து ஆறு பெண்கள் சேர்ந்து போவோம். ஊர்க் கிணற்றடியில் கூடுவோம். கிணற்றடியில் யாரும் இல்லை.

"அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. சரி, நான் பிந்திவிட்டேன், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று முடிவு செய்தேன். மணி அடித்த பிறகு போனால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களை எட்டிப் பிடித்துவிடலாம் என்று வேகமாக நடந்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் வண்டிப் பாதை கரிசல் காட்டுக்குள் இறங்கும். மழைக்கு மண் காலைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி. பாதை எங்கே, புஞ்சை எங்கே என்று தெரியவில்லை. பனைமரங்களின் வரிசையை வைத்துத்தான் போக வேண்டும். அதுவும் வானத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக இருந்ததால் தெரிந்தது. முன்னால் பேச்சுக்குரல் கேட்கும், கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு போனேன். தூரத்தில் எங்கேயோ நரி ஊளையிட்டது. ஓடைக்குப் பக்கத்தில் வந்தபோது பின்னால் சரசரவென்று யாரோ நடந்து வருகிற சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. நான் நடந்தால் அதுவும் நடந்தது. திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை. குலசாமி பேரைச் சொல்லிக்கொண்டே ஓடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினேன். அக்கரையில் ஏறியதும் சத்தம் நின்றுவிட்டது. முந்தானையைத் தடவினால் கிழிசலும் ஒடிந்த முள்ளும் கையில் பட்டன. காய்ந்த உடைமரத்து முள்கிளை ஒன்று மாட்டி, கூடவே இழுபட்டு வந்திருக்கிறது. ஓடைத் தண்ணீர் அதைக் கழற்றிக்கொண்டு போயிற்று. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் குலசாமி பேரை நான் நிறுத்தவில்லை.

கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது கேட்டில் ஆள் இல்லை. காவல்காரர் ஆபீஸ் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னும் யாருமே வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது. ஆனால் திரும்பி அந்தப் பாதையில் போக முடியாது. ஆபீஸ் வாசலில் போய் உட்காரலாம் என்று மூங்கில் படலைத் தூக்கி உள்ளே வந்தேன்.

அப்போதுதான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

மருந்து ரூம் மற்ற ரூம்களை விட்டு வெகுதூரம் தள்ளி, தனியாக இருக்கும். ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர்கள் தப்பிக்க வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டியிருந்தார்கள். அந்தத் திசையில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். நெருப்புப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஓட வேண்டும் என்று மூளை சொன்னது, கால் அந்தப் பக்கமே போயிற்று.

மருந்து ரூம் வாசலுக்கு ஐந்தாறு அடி தள்ளி ஒரு கல். கல்மேல் ஓர் அரிக்கேன் லாந்தர். கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சல்லடையில் மருந்து சலித்துக்கொண்டிருந்தான். தலையிலிருந்து கால் வரை அலுமினியத் தூள் படிந்து, வெள்ளி பூசிய சிலை மாதிரி இருந்தான். சல்லடையை அசைக்கும்போது தோளில் வெளிச்சம் வழுக்கியது.

அது என் அண்ணன்.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டேன். கூப்பிட்டால் திடுக்கிடுவான். திடுக்கிட்டால் கை உதறும். அந்த மருந்துக்கு ஓர் உரசல் போதும். முதல் நாள் கேட்டில் நிறுத்தி அவன் எனக்குச் சொன்னதே அதைத்தான்.

மழை விட்ட நேரம், ஈசல் கிளம்பியிருந்தது. லாந்தரைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மொய்த்தது. கண்ணாடியில் மோதி விழுந்தது, சிறகு உதிர்ந்தது, மறுபடி மோதியது. காற்று அடிக்கும்போதெல்லாம் சுடர் குனிந்து நிமிர்ந்தது. அதற்கேற்ப ரூம் சுவரில் அண்ணனின் நிழல் சின்னதாகிப் பெரிதாயிற்று. லாந்தரை எடுத்துத் தூரமாக வைத்துவிடலாமா என்று ஒரு எட்டு வைத்தேன். வெளிச்சம் நகர்ந்தால் அவன் நிமிர்வான். அந்த யோசனையையும் விட்டேன். என் கையில் தூக்குச் சட்டி இருந்தது. அதன் மூடி நடக்கும்போது லொடலொடவென்று ஆடும். கை நடுங்க ஆரம்பித்ததும் மூடியும் ஆட ஆரம்பித்தது. மெதுவாகக் குனிந்து சேற்றில் வைத்தேன். வைத்துவிட்டு நிமிரவும் பயந்து அப்படியே குத்த வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு கடிகாரத்தில் எதுவும் அந்த நேரத்தைக் காட்டியிருக்காது. அவன் ஒரு தடவை தும்மப் போனான். சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். தும்மல் வரவில்லை. நான் மூச்சு விட்டேன்.

கடைசியில் மருந்தைத் தாளில் கொட்டி மூடிவிட்டு எழுந்து வெளியே வந்தான். முதல் காரியமாக லாந்தரைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான். தூரமாக வைத்துவிட்டுக் கைகால் கழுவினான். அவன் கழுவி முடித்த பிறகுதான் நான் எழுந்தேன்.

"யாரது?"

"நாந்தாண்ணே."

அவன் முகத்தில் இன்னும் வெள்ளி இருந்தது. கண் மட்டும் தெரிந்தது.

"ஏ புள்ள! நீ இந்நேரம் எப்படி வந்த?"

"மணியாயிருச்சுன்னு வந்தேன்."

"கம்பெனி மணிக்கே இப்பத்தான் ஆறாகப் போகுது. தனியாவா வந்த? ஓடையத் தாண்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ என்னண்ணே செய்ற? லாந்தர வச்சுக்கிட்டு மருந்தக் கலக்குற?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "மெல்லப் பேசு. மணி அடிக்கும்போது மருந்து ரெடியா இருக்கணும்னு மேனேசர் சொல்லிட்டாரு. அவரு முள்ளத் தள்ளிட்டுப் போயிட்டாரு. பொம்பளைக ஊர் மணி அஞ்சரைக்கு வந்தா நான் நாலு மணிக்கே வர வேண்டியிருக்கு. இருட்டுல கண்ணு தெரியலைன்னேன். லாந்தர அவருதான் குடுத்தாரு. வெளியதான இருக்கு, என்ன ஆகப்போகுதுன்னாரு."

"எத்தன நாளா?"

"முள்ளத் தள்ளுன நாள்லருந்து."

இருபது நாளுக்கு மேல். அத்தனை நாளும் நாங்கள் விரலால் தடவிப் பின்னிய வெடியெல்லாம் அந்த லாந்தர் வெளிச்சத்தில் கலந்த மருந்து.

"பயமா இல்லியாண்ணே?"

அவன் கையை என் முன்னால் நீட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "சலிக்கும்போது இது நடுங்காது. முடிச்சுட்டு வந்தவொடனே ஆரம்பிச்சுரும். முந்தாநாளு நாயி ஏதோ தட்டிவிட்டு லாந்தர் சாஞ்சு கெடந்துச்சு. நான் வெளிய வந்துதான் பாத்தேன்." கையை மடக்கிக்கொண்டு, "ஒம் மதினிகிட்டச் சொல்லிராத. பிள்ளத்தாச்சி. எம்மேல சத்தியமாச் சொல்லு" என்றான்.

சத்தியம் செய்தேன்.

மணி அடித்தது. பெண்கள் வந்தார்கள். கிணற்றடியில் எனக்காகக் காத்திருந்துவிட்டு வந்ததாக எங்கள் ஊர்ப் பெண்கள் திட்டினார்கள். இருட்டில் உட்கார்ந்து வெடியைத் தொட்டேன். அன்று என்னால் ஒரு சரம்கூடப் பின்ன முடியவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் மருந்து ரூம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்காரும் அக்கா ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். வேறொரு கம்பெனியில் ஒரு தீ விபத்தில் முழங்கை வரை வெந்து, தோல் சுருங்கிப் போன கை அவளுக்கு.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றாள்.

மதினியிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். இந்த அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்று செய்யவில்லை. இப்படி ஒரு வழக்கறிஞர் மாதிரி எனக்கு நானே வாதாடிக்கொண்டு, சொல்லிவிட்டேன். அவள் கேட்டு முடித்ததும் தன் சுருங்கிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லா ரூமுக்கும் செய்தி போய்விட்டது.

மறுநாள் விடியும் முன்னே கேட்டுக்கு வெளியே ஐம்பது, அறுபது பெண்கள் நின்றோம். மணி அடித்தது. யாரும் உள்ளே போகவில்லை. மறுபடி அடித்தது. மேனேஜர் வந்தார்.

"என்ன, உள்ள வராம வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீக? ஆறே முக்காலாச்சு!"

அந்த அக்கா தன் வெந்துபோன கையை விரித்து முன்னால் நீட்டினாள். "எங்கைல ரேகை தெரியட்டும்யா, வாரோம்."

"கடியாரத்தப் பாருங்க."

"அதுல மணி ஆகட்டும்யா. எங்க கையில இன்னும் விடியல."

சிரிப்பு ஒன்றும் எழவில்லை. எல்லோருக்கும் பயம். சீசன் முடிவில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் அடுத்த வருஷம் வரை அடுப்பெரியாது. ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்துகொண்டு நின்றோம். மேனேஜர் சத்தம் போட்டார், வராதவர்கள் இனிமேல் வரவே வேண்டாம் என்றார். இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டை நோக்கி நகர்ந்தார்கள். அவர்கள் போனால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் குரல்தான் வந்தது என்று நான் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மருந்து ரூமு வாசல்ல லாந்தர் எதுக்குய்யா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "எந்த லாந்தர்? யாரு சொன்னா?"

"நான் பாத்தேன்."

அந்த நேரத்தில் அண்ணன் தொட்டிப் பக்கமிருந்து வந்து நின்றான். அவன் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. தன்னை அடிக்கக் கை ஓங்கியவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"ஒந் தங்கச்சி என்னமோ சொல்லுதே, உண்டா?" என்றார் மேனேஜர்.

அண்ணன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் கிழக்கே கொஞ்சம் வெளுத்திருந்தது. யாரோ ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள். தொட்டிச் சுவர்மேல் லாந்தர் இருந்தது. அண்ணன் அதை அணைத்து வைத்திருந்தான். சுற்றிலும் ஈசல் சிறகு.

அந்த அக்கா கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம்.

மேனேஜர் ஆள் அனுப்பி, முதலாளி காரில் வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டி வரை நடந்துபோய் லாந்தரைப் பார்த்தார். அங்கிருந்து மருந்து ரூம் வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் சேறு. ஆபீஸ் வாசலுக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தானே ஏறி, முள்ளைப் பின்னால் தள்ளினார். லாந்தர் விஷயம் அவருக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"உள்ள போங்கம்மா" என்றார்.

கடைசி லோடு இரண்டு நாள் பிந்திப் போயிற்று. அவ்வளவுதான். மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். தீபாவளி முடிந்து வேலை திறந்தபோது பெண்கள் யாரையும் நிறுத்தவில்லை, என்னையும் நிறுத்தவில்லை. அண்ணனுக்கு மட்டும் மருந்து ரூமில் வேறு ஆள் போட்டாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிவகாசியில் வேறு நாலைந்து கம்பெனியில் கேட்டுப் பார்த்தான். எங்கேயும் அவன் பேர் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கார்த்திகையில் மதினியைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போய், ஒரு பருப்பு மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தான்.

என்னிடம் பேசவில்லை. சொல்லிக்கொள்ளாமலே போனான். மதினி மட்டும் போகும் முன் என் வீட்டுக்கு வந்தாள். நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்று, என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நான் அந்தக் கம்பெனியில் இன்னும் பல வருஷம் வேலை பார்த்தேன். ஆனால் அந்த ஐப்பசிக்குப் பிறகு அலாரத்தை நம்புவதில்லை. நடுவில் விழிப்பு வந்தால் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பேன். மேகம் மூடியிருந்தால் அதற்குமேல் தூக்கம் வராது. மருந்து ரூமில் இப்போது இருக்கிறவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள் என்று தோன்றும். என் வீட்டுக்காரர் அந்த டைம்பீஸின் முள்ளை அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. நின்றுபோனால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

தைப்பொங்கலுக்கு அண்ணன் வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம், இரண்டு கரும்பும் ஒரு பையில் அரிசியும் மஞ்சள் குலையுமாக வந்து நின்றான். உடம்பு கறுத்திருந்தது. வெள்ளி போய் அவனுடைய சொந்த நிறம் வந்திருந்தது. பையன் பிறந்திருக்கிறான் என்றான். சாப்பாடு போட்டேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு அவனே ஆரம்பித்தான்.

"மில்லுல எங்கன பாத்தாலும் பல்பு, புள்ள. பகல்லயும் எரியுது. சேந்த அன்னிக்குக் குடோனுக்குள்ள போயி சுவிச்சப் போடச் சொன்னாக. போட மாட்டேன்னுட்டேன். கையி வரல. ஒரு மாசம் வேற ஆளுதான் எனக்காகப் போட்டாரு."

"இப்ப?"

"இப்பப் போடுறேன். போட்டுட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிப்பேன். ஒண்ணும் ஆகலைன்னா உள்ள போவேன்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் மோர் வேண்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றான்.